இந்தியா உலகின் நான்காவது சமத்துவ நாடா? 25.5 என்ற எண் எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை

கேள்வி இதுதான்: "ஜினி குறியீட்டில் இந்தியா 25.5 எடுத்து உலகிலேயே நான்காவது சமத்துவமான நாடாகிவிட்டது என்று அரசு சொல்கிறது. அதே நாட்டில் 40 சதவீதச் சொத்து மேல்தட்டு ஒரு சதவீதத்தினரிடம் இருக்கிறது என்று இன்னொரு ஆய்வு சொல்கிறது. இரண்டில் எது பொய்?"

இரண்டு எண்களுமே பொய் இல்லை. 25.5 என்பதை யாரும் கற்பனையாக எழுதவில்லை, உண்மையான சர்வேயிலிருந்து முறையாகக் கணக்கிட்ட எண்தான். ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு "நான்காவது சமத்துவ நாடு" என்று சொன்னது தவறு, அதுவும் சாதாரணத் தவறு இல்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பற்றிய பெரும்பாலான சண்டைகள் கட்சிச் சண்டையாகவே முடிந்துவிடுகின்றன, அளவீடு எப்படி நடக்கிறது என்று யாரும் பேசுவதில்லை.

முதலில் எண் எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். 2025 ஏப்ரலில் உலக வங்கி இந்தியாவின் வறுமை பற்றி ஒரு சிறு குறிப்பு வெளியிட்டது. அதில் நுகர்வு அடிப்படையிலான ஜினி 2011-12ல் 28.8 ஆக இருந்து 2022-23ல் 25.5 ஆகக் குறைந்தது என்று இருந்தது. ஜூலையில் மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் இதை எடுத்து, ஸ்லோவாக்கியா 24.1, ஸ்லோவேனியா 24.3, பெலாரஸ் 24.4, அடுத்து இந்தியா என்று வரிசைப்படுத்தியது. சீனா 35.7, அமெரிக்கா 41.8, நாம் எவ்வளவு முன்னால் இருக்கிறோம் பாருங்கள் என்பது செய்தி. உலக வங்கியின் குறிப்பு அத்தோடு நிற்கவில்லை என்பதுதான் முக்கியம். தரவுகளின் குறைபாடுகளால் ஏற்றத்தாழ்வு உண்மையைவிடக் குறைவாகத் தெரியக்கூடும் என்றும், உலக ஏற்றத்தாழ்வுத் தரவுத்தளத்தின்படி இந்தியாவின் வருமான ஜினி 2004ல் 52 ஆக இருந்து 2023ல் 62 ஆக உயர்ந்திருக்கிறது என்றும் அதே பத்தியில் இருந்தது. செய்திக்குறிப்பில் அந்தப் பகுதி காணாமல் போய்விட்டது. படிப்பவர் ஏமாறுவதற்கு இந்த ஒரு விடுபடலே போதும்.

சரி, ஜினி என்றால் என்ன? கொராடோ ஜினி என்ற இத்தாலியப் புள்ளியியலாளர் 1912ல் உருவாக்கிய அளவு இது. எல்லாரிடமும் ஒரே அளவு இருந்தால் 0, எல்லாமே ஒருவரிடம் இருந்தால் 100. இங்கே கேட்க வேண்டியது "எது ஒரே அளவு இருந்தால்?" என்பதுதான். வருமானத்துக்கும் ஜினி போடலாம், மாதச் செலவுக்கும் போடலாம், சொத்துக்கும் போடலாம், நிலத்துக்கு மட்டும்கூடப் போடலாம். ஒரே நாட்டில், ஒரே ஆண்டில் இவை எல்லாம் வெவ்வேறு எண்களாகத்தான் வரும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ஒரு தெருவில் மூன்று வீடுகள், ஒவ்வொன்றிலும் நான்கு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வீட்டுக்காரர் கட்டட வேலைக்குப் போகிறார், மாத வருமானம் 10,000 ரூபாய். இரண்டாவது வீட்டில் தனியார் பள்ளி ஆசிரியை, 25,000. மூன்றாவது வீட்டில் கணவன் மனைவி இருவரும் பெரிய கம்பெனியில், வாடகை வருமானமும் சேர்த்து 2,50,000. இந்த மூன்று வருமானங்களுக்கு ஜினி கணக்கிட்டால் 56 வருகிறது. இப்போது செலவைப் பாருங்கள். முதல் வீடு 10,000 வாங்கி 12,000 செலவு செய்கிறது, மீதி 2,000 கடன். இரண்டாவது வீடு 24,000. மூன்றாவது வீடு எவ்வளவுதான் தாராளமாகச் செலவு செய்தாலும் 70,000, மீதியெல்லாம் பிளாட்டுக்கும் பங்குக்கும் வைப்புக்கும் போகிறது. இந்தச் செலவுகளுக்கு ஜினி போட்டால் 36தான். இன்னும் ஒரு படி போகலாம். சர்வே எடுக்க வந்தவர் மூன்றாவது வீட்டின் கேட்டைத் தாண்ட முடியவில்லை, செக்யூரிட்டி திருப்பி அனுப்பிவிட்டார், முதல் இரண்டு வீடுகளின் கணக்கு மட்டும்தான் கிடைத்தது. இப்போது ஜினி 17!

தெருவில் எதுவும் மாறவில்லை. யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கூடவோ குறையவோ இல்லை. ஆனால் அதே தெரு 56லிருந்து 36க்கு வந்து, அங்கிருந்து 17க்கும் வந்துவிட்டது. இந்தியாவின் எண்ணில் நடப்பது, அளவு வேறாக இருந்தாலும், இதே வகைதான்.

முதல் இறக்கம் வருமானத்திலிருந்து நுகர்வுக்கு மாறுவதால் வருகிறது. பணக்காரர் வருமானத்தில் பெரும்பகுதியைச் சேமிக்கிறார், ஏழை வருமானத்துக்கு மேலும் செலவழிக்கிறார். அதாவது ஏழையின் கடன் அவரை நுகர்வுக் கணக்கில் மேலே தூக்கிக் காட்டுகிறது. நகைக்கடன் எடுத்து மருத்துவமனைக்குக் கட்டிய பணம், குழுக்கடன் வாங்கி மகளின் கல்லூரிக்குக் கட்டிய பணம், இரண்டுமே சர்வேயில் "நுகர்வு" என்றுதான் பதிவாகும். 2019ல் நடந்த அகில இந்தியக் கடன், முதலீட்டு ஆய்வின்படி கிராமக் குடும்பங்களில் 35 சதவீதமும் நகரக் குடும்பங்களில் 22.4 சதவீதமும் கடனில் இருந்தன. அதில் எவ்வளவு சாப்பாட்டுக்கும் வைத்தியத்துக்கும் போனது, எவ்வளவு தொழிலுக்குப் போனது என்று நுகர்வு ஜினியைப் பார்த்துச் சொல்லவே முடியாது. கடன் வாங்கி நிரப்பிய இடைவெளியைச் சமத்துவம் என்று எண்ணுகிற ஒரு அளவை வைத்து நாம் பெருமைப்படுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இதற்காக நுகர்வை அளப்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. விவசாயக் கூலிக்கு ஒரு மாதம் வேலை இருக்கும், அடுத்த மாதம் இருக்காது. சிறு விவசாயிக்கு அறுவடையின்போதுதான் பணம். அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரிய மாத வருமானத்தைவிட மாதச் செலவு நல்ல அளவு. வறுமையை அளக்க நுகர்வுதான் சரி என்பதில் பொருளாதார அறிஞர்களிடையே பெரிய தகராறு இல்லை. ஆங்கஸ் டீட்டனுக்கு 2015ல் நோபல் கொடுத்ததே நுகர்வு, வறுமை, நலவாழ்வு பற்றிய ஆய்வுகளுக்காகத்தான், அதில் இந்தியத் தரவுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. கீழ்த்தட்டைப் பார்க்க உதவும் கருவியை மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் உள்ள தூரத்தை அளக்கப் பயன்படுத்துவதில்தான் பிரச்சினை.

அப்புறம் வரிசைப்படுத்தியதில் இருக்கும் கோளாறு. அமெரிக்காவின் 41.8 வருமான ஜினி. ஸ்லோவாக்கியாவும் ஸ்லோவேனியாவும்கூட வருமானம்தான், அதுவும் வரி போக, அரசு உதவிகள் சேர்த்த பிறகு கையில் நிற்கும் வருமானம். நம்முடையது நுகர்வு. உலக வங்கியின் பட்டியலில் இரண்டு வகையும் கலந்தே இருக்கும், ஏனென்றால் ஒவ்வொரு நாடும் எந்த சர்வேயை எடுக்கிறதோ அதைத்தான் அவர்கள் போட முடியும். இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்தி இடம் கொடுப்பது பட்டியலைப் பயன்படுத்துபவரின் தவறு. நம் நாட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. தேசியப் பயன்பாட்டுப் பொருளாதார ஆய்வுக் குழுவும் மேரிலாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து 2004-05லும் 2011-12லும் இந்திய மனித வளர்ச்சி ஆய்வை நடத்தின. ஒரே குடும்பங்களிடம் வருமானம், நுகர்வு இரண்டையும் கேட்டார்கள். நுகர்வு ஜினி 40க்குக் கீழே, வருமான ஜினி 50க்கு மேலே! கேட்ட ஆட்கள் அதே ஆட்கள்தான். இந்த ஒரு தகவல் தெரிந்திருந்தாலே "அமெரிக்காவைவிட நாம் சமத்துவமானவர்கள்" என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இனி கேட்டைத் தாண்ட முடியாத விஷயம். தேசிய மாதிரி ஆய்வை 1950ல் தொடங்கி வைத்தவர் புள்ளியியலாளர் மகலனோபிஸ். சுதந்திரம் அடைந்து மூன்றே ஆண்டான ஏழை நாடு, கிராமம் கிராமமாக ஆள் அனுப்பி, மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், என்ன உடுத்துகிறார்கள் என்று அறிவியல் முறைப்படி கேட்டது. பல நாடுகள் நம்மைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. அந்தப் பாரம்பரியம் எனக்குப் பெரிய பெருமை, இதை எழுதும்போதும் அந்த மரியாதையோடுதான் எழுதுகிறேன். ஆனால் அன்று இல்லாத பிரச்சினை ஒன்று இன்று இருக்கிறது. அபார்ட்மெண்ட்டும் மதில் சூழ்ந்த வில்லாக்களும் பெருகிவிட்டன, வசதியான வீடுகளில் மணிக்கணக்கில் உட்கார்ந்து பதில் சொல்ல யாருக்கும் நேரமும் இல்லை, விருப்பமும் இல்லை. இது சர்வே எடுப்பவர்களுக்கும் தெரியும். அதனால்தான் 25.5க்கு அடிப்படையான 2022-23 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வில் நகரங்களில் சொந்த உபயோகத்துக்கு 10 லட்சத்துக்கு மேல் விலையுள்ள கார் வைத்திருக்கும் வீடுகளைத் தனிப் பிரிவாக வைத்து மாதிரி எடுத்தார்கள். கிராமங்களில் அதற்கு நில அளவைப் பார்த்தார்கள். நல்ல முயற்சிதான்.

அப்படியும் என்ன கிடைத்தது? 2022-23 ஆய்வின்படி நகர இந்தியாவின் மேல் 5 சதவீதத்தினரின் சராசரி மாதச் செலவு தலைக்கு 20,824 ரூபாய். நான்கு பேர் குடும்பத்துக்கு 83,000 சொச்சம். நாட்டின் எல்லா நகரங்களிலும் உள்ள தொழிலதிபர்கள், பெரிய டாக்டர்கள், வக்கீல்கள், சினிமா நட்சத்திரங்கள், ரியல் எஸ்டேட்காரர்கள், கம்பெனித் தலைவர்கள் எல்லாரையும் உள்ளடக்க வேண்டிய அடுக்கின் சராசரி அது. சென்னையிலோ பெங்களூரிலோ மும்பையிலோ இருப்பவர்கள் தெரிந்தவர்களின் பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை, விமான டிக்கெட், ஓட்டல் பில் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாலே இதன் உச்சி வெட்டப்பட்டிருக்கிறது என்று புரியும். அதே ஆய்வில் கிராமத்தின் கடைசி 5 சதவீதத்தினரின் செலவு தலைக்கு 1,373 ரூபாய், ஒரு நாளைக்கு 46 ரூபாய்க்கும் குறைவு. கீழே உள்ள இந்த எண்ணை நான் ஓரளவு நம்புகிறேன், மேலே உள்ளதை நம்பவில்லை.

இன்னொரு சான்றும் இருக்கிறது. நாட்டின் மொத்த நுகர்வைத் தேசியக் கணக்குத் துறை தனியாக, உற்பத்தி, வணிகத் தரவுகளை வைத்துக் கணிக்கிறது. பழைய காலத்தில் சர்வேயில் மக்கள் சொன்ன செலவுகளைக் கூட்டினால் கிட்டத்தட்ட அதற்கு அருகில் வரும். போகப் போக இடைவெளி விரிந்து, 2011-12 வாக்கில் சர்வேயில் தெரிந்தது தேசியக் கணக்கில் ஏறக்குறைய பாதிதான். இடைவெளி முழுவதும் பணக்காரர்களால்தான் என்று சொல்ல முடியாது. இரண்டின் வரையறையும் வேறு, தேசியக் கணக்கிலும் கோளாறுகள் உண்டு. ஆனால் ஏழைகள் வாங்கும் அரிசி, பருப்பை ஓரளவு சரியாகப் பிடித்துவிட்டு, வசதியானவர்கள் செலவழிக்கும் சேவைகளைக் கோட்டைவிடுகிற ஒரு சர்வே ஏற்றத்தாழ்வைக் குறைத்துத்தான் காட்டும்.

2011-12க்கும் 2022-23க்கும் இடையே ஜினி குறைந்தது என்பதையும் கொஞ்சம் கவனமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். காரணம், கேள்வி கேட்கும் விதம் மாறியிருக்கிறது. இது அற்ப விஷயம் மாதிரித் தோன்றும், ஆனால் இந்தியப் பொருளாதார விவாதங்களிலேயே மிகப் பெரிய சண்டை இதை வைத்துத்தான் நடந்தது. போன 30 நாளில் எத்தனை முட்டை வாங்கினீர்கள் என்று கேட்டால் ஒரு பதில் வரும், போன 7 நாளில் எத்தனை என்று கேட்டு அதை மாதத்துக்குப் பெருக்கினால் வேறு பதில் வரும், பொதுவாகக் கூடுதலாக. மகலனோபிஸ் காலத்திலேயே இதைச் சோதித்துப் பார்த்து, இந்தியாவுக்கு 30 நாள் முறையே போதும் என்று வைத்துக்கொண்டார்கள். 1994 முதல் 1998 வரை சின்னச் சின்ன ஆய்வுகளில் பாதிப் பேரிடம் பழைய முறையிலும் பாதிப் பேரிடம் புதிய முறையிலும் கேட்டுப் பார்த்தபோது, 7 நாள் முறையில் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தார்கள்! கோடிக்கணக்கான பேர், வெறும் கேள்வி மாறியதால். அடுத்து 1999-2000 பெரிய ஆய்வில் இரண்டு கேள்வியையும் ஒரே படிவத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே ஆளிடம் கேட்டுவிட்டார்கள். ஒரு பதிலோடு இன்னொரு பதிலை ஒத்துப்போக வைக்கத்தானே யாரும் பார்ப்பார்கள்? முடிவு, 1993-94ல் 36 சதவீதமாக இருந்த வறுமை 26 சதவீதமாகிவிட்டது என்று அறிவிப்பு வந்தது. தாராளமயத்தின் வெற்றி என்று ஒரு தரப்பும், மோசடி என்று மறு தரப்பும் ஆண்டுக்கணக்கில் அடித்துக்கொண்டன. டீட்டன் என்ன செய்தார் என்றால், எரிபொருள் மாதிரி, கேள்வி மாறாத சில பொருட்களின் செலவை மட்டும் எடுத்து, அதிலிருந்து மொத்தச் செலவைப் பின்னோக்கிக் கணித்தார். வறுமை குறைந்தது உண்மை, ஆனால் அறிவித்த அளவுக்குக் குறையவில்லை என்று தெரிந்தது. இரண்டு தரப்புக்கும் முழுத் திருப்தி தராத அந்த விடைதான் இன்றுவரை நிற்கிறது.

2022-23ல் மாற்றம் இன்னும் பெரியது. ஒரே தடவையில் நூற்றுக்கணக்கான பொருட்களைக் கேட்டுக் களைப்படைய வைக்காமல், உணவு, அன்றாடப் பொருட்களும் சேவைகளும், நீண்டகாலம் உழைக்கும் பொருட்கள் என்று மூன்று கேள்வித்தாள்களாகப் பிரித்து, மூன்று மாதங்களில் மூன்று முறை வீட்டுக்குப் போய்க் கேட்டார்கள். பொருட்களின் பட்டியலும் 347லிருந்து 405 ஆனது. தரம் கூடியிருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் அளவுகோல் மாறியபின் பழைய எண்ணோடு கழித்துப் பார்த்து "குறைந்தது" என்று அறிவிக்க முடியாது. நடுவில் 2017-18ல் பழைய முறையில் ஒரு ஆய்வு நடந்தது, அது கையில் இருந்திருந்தால் உதவியிருக்கும். தரம் சரியில்லை என்று சொல்லி 2019 நவம்பரில் அரசு அதை வெளியிடவே இல்லை. பத்திரிகையில் கசிந்த அறிக்கையின்படி, தலைக்கு மாதச் செலவு, விலைவாசி நீக்கிப் பார்த்தால், 1,501 ரூபாயிலிருந்து 1,446 ஆகக் குறைந்திருந்தது. தரம் மோசமாகவே இருந்திருக்கட்டும். குறைகளை எழுதி, தரவோடு சேர்த்து வெளியிட்டிருந்தால் ஆராய்ச்சியாளர்கள் 1999-2000க்குச் செய்த மாதிரி சரிசெய்திருப்பார்கள். மக்கள் வரிப்பணத்தில், மக்களின் வாசலில் போய்க் கேட்டு வாங்கிய பதிலை மக்களிடமிருந்தே மறைத்தது மன்னிக்கக் கூடியதில்லை.

இப்போது மறுபக்கத்து எண்ணுக்கு வருகிறேன், அதையும் அப்படியே விழுங்கக் கூடாது. 2024 மார்ச்சில் நிதின் குமார் பாரதி, லூக்கா சான்செல், தாமஸ் பிக்கெட்டி, அன்மோல் சோமஞ்சி ஆகியோர் 1922 முதல் 2023 வரையிலான இந்திய ஏற்றத்தாழ்வு பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 2022-23ல் மேல் ஒரு சதவீதத்தினருக்கு நாட்டின் வருமானத்தில் 22.6 சதவீதமும் சொத்தில் 40.1 சதவீதமும் போகிறது, கீழ்ப் பாதி மக்களுக்கு வருமானத்தில் 15 சதவீதம், சொத்தில் 6.4 சதவீதம்தான் என்பது முடிவு. 1922 ஏன் என்றால், அந்த ஆண்டு வந்த வருமான வரிச் சட்டத்திலிருந்துதான் தொடர்ந்து வரித் தரவு கிடைக்கிறது. சர்வேக்குக் கேட் திறக்காதவர்கூட வரித்துறைக்குக் கணக்குக் காட்டித்தான் ஆக வேண்டும், அதனால் மேல்தட்டைப் பார்க்க வரித் தரவு சர்வேயைவிட எவ்வளவோ மேல். ஆனால் இங்கேயும் ஓட்டைகள். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை. பெரியவர்களில் பெரும்பாலானோர் வரிக் கணக்கே தாக்கல் செய்வதில்லை, எனவே கீழேயும் நடுவிலும் உள்ளவர்களின் வருமானத்தை சர்வேயிலிருந்தும் சில அனுமானங்களிலிருந்தும்தான் கட்ட வேண்டியிருக்கிறது. 2000க்குப் பிறகு பல ஆண்டுகளுக்கு வரித் தரவு அட்டவணைகளை அரசு வெளியிடாமலே வைத்திருந்தது, அந்தக் காலத்துக்கு இன்னும் அதிக யூகம். சொத்துக் கணக்கு இதைவிடக் கடினம். 1985ல் வாரிசுச் சொத்து வரி போய்விட்டது, 2015ல் செல்வ வரியும் (வீட்டுக்கு நகராட்சியில் கட்டும் சொத்து வரி இல்லை, பணக்காரர்களின் மொத்தச் சொத்து மீதான மத்திய அரசு வரி) போய்விட்டது, யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் பதிவே கிடையாது. கோடீஸ்வரர் பட்டியல்களை வைத்துத்தான் உச்சியைச் சரிசெய்கிறார்கள்.

அதோடு உலக வங்கிக் குறிப்பில் வந்த அந்த 62 என்ற ஜினி வரிக்கு முந்தைய வருமானத்துக்கானது. இலவச ரேஷன், அரசு உதவிகள் இதில் பெரும்பாலும் வராது. அதைத் தூக்கி ஸ்லோவாக்கியாவின் வரிக்குப் பிந்தைய 24.1 பக்கத்தில் வைத்தால், அதுவும் அரசு செய்த அதே தவறுதான், திசை மட்டும் வேறு. எனக்கு நியாயமாகப் படுவது இது: கையில் நிற்கும் வருமானத்தை ஒழுங்காக அளந்தால் நம் எண் 25.5க்கு மிக மேலேயும் 62க்குக் கொஞ்சம் கீழேயும் இருக்கும், 50ஐ ஒட்டியோ அதைத் தாண்டியோ. உலகின் சமத்துவமான நாடுகளின் பக்கத்தில் நாம் நிற்கவே முடியாது. அரசின் சொந்தக் கடன், முதலீட்டு ஆய்வே, 2019ல், நகரங்களில் மேல் 10 சதவீதத்தினரிடம் 55.7 சதவீதச் சொத்தும் கீழ்ப் பாதியினரிடம் 6.2 சதவீதமும் இருப்பதாகச் சொன்னது. இதுவும் பெரும் பணக்காரர்கள் அகப்படாத சர்வேதான்.

இவ்வளவு சொன்னதும் "அப்போ வறுமை குறைந்ததும் பொய்யா?" என்று சிலர் கேட்பார்கள். இல்லை. இரண்டையும் குழப்பக் கூடாது. கிராமத்தில் மொத்தச் செலவில் உணவின் பங்கு 2011-12ல் ஏறத்தாழ 53 சதவீதம், 2022-23ல் 46. அதிலும் தானியத்தின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது, முட்டை, பால், பழம், வெளியே வாங்கிச் சாப்பிடுவது எல்லாம் கூடியிருக்கிறது. வயிற்றை நிரப்பவே பெரும்பணம் போன காலம் மாறுகிறது என்பதற்கு இது நல்ல அடையாளம். ஒரு நாளைக்கு 3 டாலர் என்ற புதிய கோட்டின்படி, உலக வங்கிக் கணக்கில் கடும் வறுமை 27.1 சதவீதத்திலிருந்து 5.3 ஆகியிருக்கிறது. கேள்வி மாறியதற்காக எவ்வளவு தள்ளுபடி செய்தாலும் பெரிய முன்னேற்றம்தான். கீழே இருப்பவர் கொஞ்சம் மேலே வருவதும், உச்சியில் இருப்பவர் அதைவிடப் பல மடங்கு வேகத்தில் மேலே போவதும் ஒரே நேரத்தில் நடக்கலாம். வறுமை குறைந்ததை ஏற்றத்தாழ்வு குறைந்ததற்கு ஆதாரமாகக் காட்டுவதும், ஏற்றத்தாழ்வு கூடியதை வைத்து ஏழைகள் இன்னும் ஏழைகளாகிவிட்டார்கள் என்பதும் ஒரே மாதிரியான பிழைகள்.

வாழ்க்கைத் தரத்தைப் பணத்தில் மட்டும் பார்ப்பதிலும் ஒரு எல்லை இருக்கிறது. டீட்டனும் பொருளாதார அறிஞர் ழான் த்ரேஸும் 2009ல் எழுதிய கட்டுரை இதற்கு நல்ல உதாரணம். 1983ல் கிராமத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,240 கலோரி, 2004-05ல் 2,047. வருமானம் கூடிக்கொண்டிருந்தபோது சாப்பாட்டின் கலோரி குறைந்தது! உடல் உழைப்பு குறைந்தது, நோய் குறைந்தது என்று ஓரளவு விளக்கினார்கள், முழு விடை கிடைக்கவில்லை. ஆனால் அவர்கள் வலியுறுத்தியது வேறு: கலோரியைப் பார்க்காதே, குழந்தையின் உயரத்தைப் பார். குழந்தை உயரத்தில் சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை, தாயின் உடல்நிலை எல்லாம் சேர்ந்திருக்கிறது, யாரும் அதைக் கூட்டியோ குறைத்தோ சொல்ல முடியாது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், தமிழ்நாட்டில் 25 சதவீதம். 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை 53லிருந்து 57 சதவீதமாகக் கூடியிருக்கிறது. நான்காவது சமத்துவ நாடு என்று கொண்டாடுபவர்கள் இந்த எண்களையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இங்கே நுகர்வுக் கணக்கு வேறொரு விதத்தில் குறைவுபடுகிறது. 2022-23ல் நம் கிராமத்தில் தலைக்கு மாதச் செலவு 5,310, நகரத்தில் 7,630. இடைவெளி 44 சதவீதம், அகில இந்தியாவில் 71. ரேஷன் அரிசி போன்ற இலவசப் பொருட்களின் மதிப்பைச் சேர்த்தும் தனியாக ஒரு கணக்கு இப்போது போடுகிறார்கள், நல்லது. ஆனால் அரசு மருத்துவமனையில் பணம் கட்டாமல் நடந்த பிரசவமும், அரசுப் பள்ளிப் படிப்பும், மகளிருக்குக் கட்டணமில்லாத பேருந்தும் எந்த நுகர்விலும் வராது. தனியார் ஆஸ்பத்திரியில் கடன் வாங்கிக் கட்டினால் வாழ்க்கைத் தரம் கூடியதாகவும், அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் குணமானால் கூடாததாகவும் காட்டுகிற அளவை வைத்துக்கொண்டு மாநிலங்களை ஒப்பிடும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நுகர்வா, வருமானமா என்ற குழப்பம் தீர ஒரே வழி வருமானத்தை நேரடியாகக் கேட்பது. 1950களிலும் 60களிலும் முயன்று பார்த்தார்கள், மக்கள் சொன்ன வருமானம் அவர்கள் சொன்ன செலவையும் சேமிப்பையும்விடக் குறைவாக வந்தது, கைவிட்டார்கள். இப்போது 2026ல் நாடு தழுவிய முதல் குடும்ப வருமான ஆய்வை நடத்துவதாகப் புள்ளியியல் அமைச்சகம் அறிவித்து, சுர்ஜித் பல்லா தலைமையில் நிபுணர் குழுவும் அமைத்தது. 2025 ஆகஸ்டில் நடந்த முன்சோதனையில் கேட்கப்பட்டவர்களில் பெரும்பான்மையோர் வருமானம், வரி பற்றிய கேள்விகளைச் சொல்லத் தயங்கும் விஷயமாகவே பார்த்தார்கள். முடிவுகள் வெளியாகும்போது ஜினி எவ்வளவு என்று தேடுவதற்கு முன், பணக்கார வீடுகளில் எத்தனை சதவீதம் பதில் சொன்னார்கள், அந்தக் குறையை எப்படிச் சரிசெய்தார்கள், வரித் தரவோடு ஒப்பிட்டார்களா, குடும்ப வாரியான தரவை ஆராய்ச்சியாளர்களுக்குக் கொடுத்தார்களா என்ற நான்கையும் பாருங்கள். அவை இல்லாமல் வரும் வருமான ஜினியையும் 25.5ஐப் போலவே மேல்தட்டு இல்லாத எண்ணாகத்தான் நான் எடுத்துக்கொள்வேன்.